பங்களாவுக்குத் தெரியாத முடக்கு

எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்திலிருந்து இலங்கைக்குப் போனவர்கள் இரண்டு வகை. கடை வைக்கப் போனவர்கள் ஒன்று, கொழுந்து பறிக்கப் போனவர்கள் இன்னொன்று. ஒரு பஸ் டிரைவரை வேவு பார்ப்பதற்காகக் கடல் தாண்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விஷயம் இதுதான். என் தங்கை கமலத்துக்கு அப்போது இருபத்தெட்டு வயது. உறையூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். ஏழெட்டு வரன்கள் வந்தன. அவர்கள் இரண்டு கேள்வி கேட்டால் அவள் திருப்பி நாலு கேள்வி கேட்பாள். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியில் அப்பா தூரத்து உறவில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்தார். பெயர் முத்தையா. தாத்தா காலத்தில் முசிறியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம். ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் போகிற பஸ்ஸில் டிரைவர். பஸ்களெல்லாம் அங்கே முதலாளிமார் கையில் இருந்த காலம் அது.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை திருச்சிக்கு வந்துவிட வேண்டும். நான் டைம் கீப்பராக இருந்த பஸ் கம்பெனியில் அவருக்கு வேலையும் சொல்லி வைத்தாயிற்று. அவரும் சரி என்று பதில் எழுதிவிட்டார். மிச்சம் இருந்தது ஆளைப் பார்ப்பதுதான்.

"நீ யாருன்னு சொல்லாத. நாலு நாள் அந்த வண்டியில ஏறி இறங்கு. குடி, சீட்டு, வேற தொடுப்பு ஏதாவது இருக்கான்னு பாத்துட்டு வா," என்றார் அப்பா.

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கமலம் சொன்னாள்: "ஓட்டுறதை எல்லாரும் ஓட்டுவாங்க. வண்டியை எப்படி நிறுத்துறாருன்னு மட்டும் பாருண்ணா."

"பிரேக்கை அமுக்கி நிறுத்துவாரு," என்றேன்.

"அதைத்தான் பாத்துட்டு வா," என்றாள். இவளிடம் பேசி ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

மண்டபம், கப்பல், ரயில் இவற்றை விட்டுவிடுகிறேன். வாந்தியைத் தவிர எழுதுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

குளிர் என்றால் மார்கழியில் காவேரியில் முழுக்குப் போடும்போது வருவது என்று நினைத்திருந்தேன். ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கியதும் என் தாடை தானாக ஆட ஆரம்பித்தது. அரைக்கைச் சட்டை, மல் வேட்டி, தோளில் ஒரு துண்டு. இப்படி ஒருவன் வந்து நின்றதைப் பார்த்து ஸ்டேஷன் போர்ட்டர் ஒருவர் உச்சுக் கொட்டினார். நேரே ஒரு சைவக் கடைக்குப் போய் இட்லி கேட்டேன்.

"இட்லி ஞாயித்துக்கெழமைங்க," என்றார் கடைக்காரர், அது ஏதோ கோயில் விசேஷம் மாதிரி. தேங்காய் போட்டுத் தட்டிய கனமான ரொட்டியும், மிளகாய் வைத்து அம்மியில் அரைத்த சம்பலும் வந்தன. அந்தச் சம்பலைத் தின்றதும் காது வழியாகப் புகை போனது. குளிர் இருந்த இடம் தெரியவில்லை. இரண்டாவது ரொட்டியை நானே கேட்டு வாங்கினேன். பால் விடாத தேத்தண்ணீரை அங்கே பிளேன்டி என்கிறார்கள். தேயிலை விளைகிற ஊரில் பால் விடாமல் குடிக்கிறார்களே என்று முதல் நாள் கேலி செய்தேன். மூன்றாம் நாள் பாலை வேண்டாம் என்றேன்.

பஸ் காலை ஏழரைக்கு. மரத்தில் கட்டிய உடம்பு, இரும்பு முகம், பக்கவாட்டில் தார்ப்பாய்த் திரை, பாதி ஜன்னலுக்குக் கண்ணாடி, மீதிக்குக் கடவுள். முன்னால் ரப்பர்ப் பந்து வைத்த ஊதுகுழல். ஸ்டியரிங்குக்குப் பின்னால் காதை மூடிய கம்பளித் தொப்பியோடு மெலிந்த ஒரு மனிதர். முப்பத்து நாலு வயது இருக்கும். அவர்தான் முத்தையா. என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

கண்டக்டர் செபஸ்தியான் இருபத்தைந்து வயது வாயாடி. கழுத்தில் மாதா பதக்கம், காதில் பென்சில்.

"எந்தப் பக்கம் போறீங்க?"

"துணி வியாபாரம். உறையூர்ச் சேலை. இந்தப் பக்கம் போகுமான்னு பாக்க வந்தேன்."

"சாம்பிள் இருக்குங்களா?"

நான் சாம்பிளை மறந்துவிட்டிருந்தேன். "பின்னாடி வருது," என்றேன். செபஸ்தியான் தலையை ரொம்ப மரியாதையாக ஆட்டினான்.

ஏழரை ஆயிற்று. பஸ் நகரவில்லை. கோடாலித் தைலம் வாங்கப் போன ஒரு பெண் வரவில்லையாம். ஏழு நாற்பத்தெட்டுக்கு அவள் வந்தாள், சாவகாசமாக. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திருச்சி பஸ் ஸ்டாண்டில் அரை நிமிஷம் தாமதித்த டிரைவரையெல்லாம் நான் பேனாவாலேயே குத்தியிருக்கிறேன். இங்கே என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நானே பரிதாபப்பட்டேன்.

கொட்டகலை தாண்டியதும் இன்னொரு அதிசயம். செபஸ்தியான் இஞ்சின் பக்கத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டு ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்தான். படிக்கத் தெரியாதவர்கள் கடிதத்தை அவனிடம் கொடுத்துவிடுவார்களாம். இஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் தொண்டை கிழியப் படித்தான். "அம்மாவுக்கு மகன் எழுதிக்கொண்டது. கொழும்பில் நலம். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது." பின் சீட்டிலிருந்து ஒருவர், "மாதுளந்தோலு போட்டானான்னு கேளுங்க," என்றார். பஸ்ஸே அதைப் பற்றிப் பேசியது. எங்கள் தெருவில் இப்படி ஒரு கடிதத்தை ஊர் கேட்கப் படித்தால் அடிதடியில்தான் முடியும்.

"டிரைவரண்ணன் லெட்டரையும் நான்தாங்க படிக்கிறது," என்றான் செபஸ்தியான். "அவரு கை ஸ்டியரிங்குல, கண்ணு ரோட்டுல. வேற என்ன செய்றது?" அதைக் காதில் வாங்கினேன், மண்டையில் வாங்கவில்லை.

தலவாக்கலைக்கு முன்னால் ஒரு கொண்டை வளைவு. அங்கே வளைவை முடக்கு என்கிறார்கள். அதற்கு ஐம்பது கஜம் முன்னாலேயே முத்தையா குழலை இரண்டு தடவை ஊதினார். பிறகு வண்டி நின்றுவிட்டது. நின்றது என்பதையே வெளியே ஒரு மரம் நகராமல் இருந்ததைப் பார்த்துத்தான் அறிந்தேன். படிக்கட்டு சரியாக ஒரு தட்டைக் கல்லுக்கு நேரே இருந்தது. பலகையும் இல்லை, கொட்டகையும் இல்லை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். கீழே பள்ளத்தில் மூன்று லயங்கள், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள், தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தன. அங்கிருந்து மண்படிகளில் ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கடைசி ஆள் வந்து மூச்சு வாங்கி உட்காரும்வரை வண்டி காத்திருந்தது. என் நோட்டில் குறித்தேன்: பட்டியலில் இல்லாத நிறுத்தம், ஐந்தரை நிமிஷம்.

"இது எந்த ஸ்டாப்?" என்று கேட்டேன்.

"பங்களா மறைவுங்க," என்றான் செபஸ்தியான். அப்புறம் அந்த பஸ்ஸின் சரித்திரத்தையே அவிழ்த்துவிட்டான்.

உலக யுத்தத்துக்கு முந்தின காலத்தில் ஒரு சிங்கள முதலாளி பழைய லாரி ஒன்றை வாங்கி, நுவரெலியாவிலிருந்து முட்டைக்கோசும் லீக்ஸ் என்கிற பெரிய வெங்காயத்தாளும் ஹட்டனுக்கு ஏற்றினாராம். திரும்பும்போது லாரி காலியாகப் போகிறதே என்று நாலு பெஞ்சு போட்டு ஆள் ஏற்றினார். ஏற்றத்தில் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். ஒருவர் மரக்கட்டையோடு பின்னாலேயே ஓடி, லாரி நின்றால் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுக்க வேண்டும். அவருக்கு மட்டும் டிக்கெட் கிடையாது. லாரி பஸ்ஸானது, கட்டைக்காரர் கண்டக்டரானார்.

"அப்ப இந்தத் தோட்டத்து துரைக்குப் புடிக்கலைங்க," என்றான். "பஸ் நின்னா ஆளுங்க டவுனுக்குப் போவாங்க, கூட்டத்துக்குப் போவாங்க, வேற தோட்டத்துக்கே ஓடிருவாங்க. என் எல்லையில நிக்கக் கூடாதுன்னுட்டாரு. பங்களா வாசல்ல தூரக்கண்ணாடி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாராம். ரெண்டு மைல் ரோடும் தெரியும். இந்த ஒரு முடக்கு மட்டும் பாறை மறைச்சுக்கும். முதல் டிரைவரு அதைக் கண்டுபுடிச்சாரு. நேத்து யாருடா டவுனுக்குப் போனதுன்னு துரை காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல நின்னு கத்துவாராம். எப்படிப் போனாங்கன்னு மட்டும் கடைசி வரைக்கும் தெரியலை."

அந்த துரை கப்பலேறி வெகு நாளாகிவிட்டது. ஆனால் பட்டியலில் அந்த நிறுத்தம் ஏறவே இல்லை. அதே பாதையில் இன்னும் இரண்டு டிரைவர்கள் உண்டு. பட்டியலில் இல்லாத இடத்தில் அவர்கள் நிறுத்தமாட்டார்கள். ஒரு டைம் கீப்பர் என்ற முறையில் அந்த இரண்டு பேருக்கும் மனதுக்குள் ஒரு சலாம் போட்டேன்.

வேவு வேலை அன்றே பலன் தர ஆரம்பித்தது. பங்களா மறைவில் ஏறிய பாக்கியம் என்ற அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தாள். கொழுந்தெடுத்துக் கறை படிந்த விரல்கள், தலையில் கம்பளித் துண்டு. நான் கேட்காமலே ஆரம்பித்தாள்.

"இந்த டிரைவரு குடிப்பாருங்க."

"எவ்வளவு?"

"எவ்வளவு கெடைக்குதோ அவ்வளவும்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் ஒரு தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். குடையை மடியில் படுக்கவைத்துக்கொண்டு, நுவரெலியாக் குதிரைப் பந்தயத்துக்கு டிரைவர் அடிமை என்றார். சொல்லும்போது அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வேர்த்தது. அடுத்து ஒரு தையல்காரர் வந்து, டிரைவர் ஸ்டியரிங்கிலேயே தூங்குவார் என்றும் அவருக்குச் செவ்வாய் தோஷம் என்றும் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நானுஓயாவில் ஏறிய ஒரு சிங்கள லீக்ஸ் வியாபாரி முத்தையாவின் தோளைத் தட்டிவிட்டு, என்னிடம் திரும்பி வாயெல்லாம் சிரிப்பாக நெடுநேரம் சிங்களத்தில் பேசினார்.

"என்ன சொல்றாரு?" என்று செபஸ்தியானைக் கேட்டேன்.

"ரொம்ப மோசமான ஆளுன்னு சொல்றாருங்க."

நுவரெலியாவில் இறங்கிக் கொஞ்சம் சுற்றினேன். வெள்ளைக்காரன் விட்டுப்போன புல்வெளி, ரோஜாச் செடி, பனி. புல்லை வெட்ட ஒரு ஆள், வெட்டிய புல்லைப் பொறுக்க ஒரு ஆள். திருச்சியில் புல்லே கிடையாது என்பதால் எங்களுக்கு அந்தச் செலவு மிச்சம். மூக்கு சிவந்து திரும்பி வந்தால் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே செபஸ்தியான் குரலைத் தாழ்த்தினான்.

"உங்களைப் பாத்தா நல்லவரா தெரியுது. அதனால சொல்றேன். அவருக்கு வட்டவளையில ஒரு சம்சாரம் இருக்குங்க. புள்ளையும் இருக்கு." வீட்டு அடையாளமும் சொன்னான்.

அன்று இரவு ஹட்டனில் எடுத்திருந்த அறையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தேன். காலை ஏழரையிலிருந்து மாலை ஆறு வரை அந்த மனிதர் என் கண் முன்னாலேயே இருக்கிறார். மீதி நேரத்தில் குடித்து, குதிரையைப் பார்த்து, வட்டவளைக்குப் போய்க் குடும்பம் நடத்தி, ஹட்டனுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். ஸ்டியரிங்கில் தூங்குவது ஒன்றுதான் நம்பும்படி இருந்தது. ஆனாலும் சம்சாரம் என்பது விளையாட்டு இல்லை. கமலத்திடம் போய் என்ன சொல்வேன் என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது.

மூன்றாம் நாள் ரயிலேறி வட்டவளையில் இறங்கினேன். மழை. அங்கே மழை பெய்கிறது என்று சொல்வதைவிட எப்போதாவது நிற்கிறது என்று சொல்லலாம். செருப்பு ஒன்றைச் சேற்றுக்குத் தானம் கொடுத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு அந்த லயத்தைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். உள்ளே ஏணையில் ஒரு கைக்குழந்தை. அடுப்பருகே ஒரு மனிதர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முத்தையா வீடுங்களா?" என்றேன்.

அவள் என்னையும் என் ஒற்றைச் செருப்பையும் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்தாள். அழப்போகிறாள் என்று பார்த்தால் தோள் குலுங்கச் சிரித்தாள்.

"மன்னிச்சுக்குங்க. அழச் சொல்லியிருந்தாங்க. எனக்கு அழுக வரலை," என்றாள். "நான் செபஸ்தியான் அக்கா, அந்தோணியம்மா. இவரு என் வூட்டுக்காரரு."

அடுப்பருகே இருந்தவர் கசப்போடு சொன்னார்: "நான் இவளுக்கு அண்ணனா நடிக்கணுமாம். எப்படி இருக்கு பாருங்க."

துண்டு கொடுத்தார்கள், பிளேன்டி கொடுத்தார்கள், ரொட்டி சுட்டார்கள். என் தலை காய்வதற்குள் உண்மை முழுக்க வெளியே வந்துவிட்டது. நான் புறப்படுவதற்கு முன்பே அப்பா மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார்: "என் மகன் துணி வியாபாரி போல வருவான். கண்டுகொள்ள வேண்டாம். கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொள்ளவும். கல்யாணம் முடிந்து திருச்சிக்குக் கிளம்பத் தயாராக இருக்கவும்." அந்தக் கடிதத்தைச் செபஸ்தியான் வழக்கப்படி இஞ்சின் பக்கம் நின்று தொண்டை கிழியப் படித்திருக்கிறான். நான் என்றைக்கு வருவேன் என்பது கொட்டகலை முதல் நானுஓயா வரை தெரிந்திருக்கிறது. அவரவர்க்கு வாயில் வந்த குற்றத்தை அவரவர் சொல்லியிருக்கிறார்கள். முன்கூட்டிக் கலந்து பேசவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"எதுக்கு இதெல்லாம்? அவர்மேல அப்படி என்ன கோபம்?" என்றேன்.

"கோவமா?" அவள் ஏணையைத் தொட்டாள். "போன மழையில நாங்க பங்களா மறைவு லயத்துலதான் இருந்தோம். எனக்கு வலி எடுத்திருச்சு. கம்பளியில கட்டி ரோட்டுக்குத் தூக்கியாந்தாங்க. முதல் பஸ் வந்துச்சு. கையைக் காட்டுனோம். நிக்காமப் போயிருச்சு. அடுத்தது முத்தையாண்ணன் பஸ். நிறுத்தி, எறங்கி வந்து, அவரும் ஒரு பக்கம் புடிச்சாரு. வழியில ஒரு எடத்துலயும் நிறுத்தாம நேரா ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு போய் விட்டாரு. நடுவுல எறங்க வேண்டியவங்க ஒருத்தரும் மணி அடிக்கலைங்க. இதை அவரு புள்ளைன்னு சொல்லச் சொன்னான் தம்பி. அவரு அன்னைக்கு நிறுத்தலைன்னா இந்தப் புள்ளை ஏதுங்க?"

அவள் கணவர் முதல் தடவையாக மனம் விட்டுப் பேசினார். "அவருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வேற கெடைச்சிருக்கு. எங்களுக்கெல்லாம் மனு போட்டதோட சரி. சர்க்கார் கச்சேரிக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவரைத்தான் கூட்டிக்கிட்டுப் போவோம். அவரு திருச்சிக்கு வந்துட்டா அந்த முடக்குல பஸ் நிக்காதுங்க. ரெண்டு மைல் நடந்து சந்திக்குப் போகணும். போறதுக்குள்ள..." ஏணையைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அப்பாமேல் மட்டும்தான் வந்தது.

நாலாம் நாள் எனக்கு ஊர் திரும்பும் நாள். மத்தியானம் ஹட்டனில் ரயில். காலையில் வழக்கம்போல பஸ்ஸில் ஏறி நுவரெலியாவுக்குப் போனேன். திரும்பும்போது தலவாக்கலைத் தேத்தண்ணீர்க் கடையில் ரேடியேட்டர் ஆறுவதற்காக வண்டி நின்றது. முத்தையா தனியாக நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன்.

"மாப்பிள்ளை," என்றேன்.

"வாங்க மச்சான்," என்றார், இப்போதுதான் நான் வந்து இறங்கினாற்போல. "நாலு நாளா சொல்லணும்னு இருந்தேன். மாமா கண்டுக்க வேணாம்னு எழுதியிருந்தாரு."

"உங்களுக்குக் குதிரைப் பந்தயம், செவ்வாய் தோஷம், வட்டவளையில குடும்பம் எல்லாம் இருக்காம்."

அவர் சிரிக்கவில்லை. "தெரியும். வேணாம்னு சொன்னேன், கேக்கலை. நான் வாக்குக் குடுத்தா குடுத்ததுதாங்க. வந்துருவேன்."

"வருவீங்களான்னு கேக்கலை. வர இஷ்டமா?"

கொஞ்ச நேரம் துடைத்த இடத்தையே துடைத்தார். "உங்க ஊருல நிக்கிற எடத்துல எல்லாம் போர்டு இருக்குங்களா?"

"இருக்கு."

"போர்டு இருக்கிற எடத்துல யாரு வேணும்னாலும் நிறுத்தலாமே மச்சான்." பிறகு துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "எனக்கும் வயசாவுது. படிச்ச பொண்ணு, டீச்சர். இந்தக் குளிருக்கும் லயத்துக்கும் வர்றீங்களான்னு கேக்க எனக்கு வாய் வரலை. அதான் நான் வர்றேன்னுட்டேன்."

கமலத்தைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை. வீட்டில் என்னோடு சண்டை போட வேறு யார் இருக்கிறார்கள்? ரயிலுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

பஸ் நிறைய ஆட்கள். பாக்கியம், வாத்தியார், தையல்காரர், லீக்ஸ் வியாபாரி, எல்லாரும் இருந்தார்கள். வட்டவளை விஷயம் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. செபஸ்தியான் கடிதக் கட்டை எடுக்கவே இல்லை. அந்த பஸ் பேச்சில்லாமல் போய் அன்றுதான் பார்த்தேன். நான் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். முத்தையா மேலே இருந்த கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார். வண்டியின் வேகம் கூடியது.

பங்களா மறைவு வந்தது. குழல் ஊதவில்லை. கல்லில் யாரும் இல்லை. முத்தையா கியரை மாற்றி வளைவில் திருப்பினார். எனக்காக அவர் நிறுத்தாமல் போகிறார் என்று அப்போதுதான் உறைத்தது. மற்றவர்களுக்கும் உறைத்தது. மூன்று பேர் ஒரே சமயத்தில் மணிக்கயிற்றைப் பார்த்தார்கள். யாரும் கையைத் தூக்கவில்லை. என் தங்கைக்கு வந்த சம்பந்தத்தைக் கெடுக்கப் பார்த்தது போதாதென்று, என் ரயிலையும் கெடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

நான் ஜன்னல் பக்கம் இருந்தேன். கீழே பாதிப் படியில் ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பை, மறு கையால் முந்தானையை எடுத்து வீசிக்கொண்டிருந்தாள். வாயும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. திருச்சி பஸ் ஸ்டாண்டில் இப்படி ஓடிவருகிறவர்களை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். மணியைப் பார்த்துவிட்டு விசிலை ஊதுவதுதான் என் வழக்கம். அன்று எழுந்து, தலைக்கு மேலே போன கயிற்றைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி இழுத்தேன்.

வண்டி நின்றது. இந்தத் தடவை நின்றது நன்றாகவே தெரிந்தது.

"மச்சான், ரயிலு," என்றார் முத்தையா.

"படியில ஆள் வருது, ஏத்திக்கிட்டுப் போவோம்," என்றேன்.

அவர் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு நகர்த்தி, படிக்கட்டைக் கல்லுக்கு நேரே கொண்டுவந்தார். பத்து நிமிஷம் காத்திருந்தோம். அந்தப் பெண் மேலே வந்து மூச்சு வாங்கினாள். யாருக்கு உடம்பு சரியில்லையோ, எந்த வீட்டில் என்ன அவசரமோ என்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஹட்டன்ல புதுப் படம் வந்திருக்குங்க," என்றாள். "மத்தியான ஆட்டம் போறேன்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்துகொண்டேன். கொட்டகலை வந்தபோது என் ரயில் எங்களுக்குக் கீழே புகையை விட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு வாய்கள் திறந்துகொண்டன. "அவரு குடிக்கவே மாட்டாருங்க," என்றாள் பாக்கியம். "பிளேன்டிக்கே சீனி வேணாம்பாரு." குதிரையைப் பற்றிப் பொய் சொன்னதற்குக் கர்த்தர் தன்னை மன்னிக்க வேண்டும் என்று வாத்தியார் கூரையைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு லீக்ஸ் வியாபாரி நிஜமாக என்ன பேசினார் என்று கேட்டேன். செபஸ்தியான் தலையைச் சொறிந்தான். "எனக்கு மக இருந்தா இவருக்குத்தான் கட்டிக் குடுப்பேன்னாருங்க."

"மாப்பிள்ளை திருச்சிக்கு வரவேண்டாம்," என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அப்பாவும் கமலமும் அந்த பஸ்ஸில் இல்லாததுதான் காரணமாக இருக்கும். "பொண்ணு இங்க வருமான்னு கேட்டுச் சொல்றேன்."

முத்தையா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவர் கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. பாக்கியம் உடனே சம்பந்தி தோரணைக்கு மாறிவிட்டாள்.

"பொண்ணுக்குக் குளிர் தாங்குங்களா?"

"தெரியலை."

"வாய் எப்படி?"

"கொஞ்சம் நீளம்," என்றேன், பொய் சொல்லப் பயந்து.

"அப்ப சரி. வாயில்லாதவங்களுக்கு இந்த பஸ்ல சீட்டு கெடைக்காது," என்றாள்.

மறுநாள் ரயிலில் கிளம்பினேன். வழிச் சாப்பாட்டுக்கு ஒரு டின் நிறையத் தேங்காய் ரொட்டியும், ஒற்றைச் செருப்புக்கு ஜோடியாக யாரோ கொடுத்த இன்னொரு ஒற்றைச் செருப்பும் என்னிடம் இருந்தன. இரண்டும் இடது காலுக்கு உரியவை.

உறையூரில் வெயில் தகித்தது. அப்பா ஈஸிசேரில் விசிறிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தங்கமானவர், ஆனால் இங்கே வரமாட்டார், நான்தான் வரவேண்டாம் என்று சொன்னேன் என்றேன். விசிறி என்மேல் பறந்து வந்தது. "உன்னைப் பாத்துட்டு வரச் சொன்னேனா, சம்பந்தத்தைக் கெடுத்துட்டு வரச் சொன்னேனா?" என்று ஆரம்பித்தவர் அரைமணி நேரம் நிறுத்தவில்லை. அவர் எழுதிய கடிதத்தைப் பற்றி நான் கேட்டதும் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

கமலம் தையல் மெஷினைவிட்டு எழுந்து வந்தாள். "எப்படி நிறுத்துறாரு?" என்றாள்.

நான் சொன்னேன். துரையின் தூரக்கண்ணாடியிலிருந்து, ஏணையில் தூங்கிய குழந்தையிலிருந்து, போர்டு இருக்கிற இடத்தில் யாரும் நிறுத்தலாம் என்று அவர் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய வழக்கத்துக்கு மாறாக ஒரு குறுக்குக் கேள்வியும் இல்லை.

"ஆனா கடைசி நாள் எனக்காக அவர் நிறுத்தலை," என்றேன். "நான்தான் மணி அடிச்சேன்."

"நீயா?"

"நான்தான். ரயிலும் போச்சு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் காலில் இருந்த இரண்டு இடது செருப்புகளையும் பார்த்தாள். உள்ளே போய் ஊசியில் நூல் கோத்தாள். மெஷின் ஓட ஆரம்பித்து, நாலு தையலில் நின்றது.

"அண்ணா," என்று கூப்பிட்டாள். "திருச்சியில கம்பளி நூல் எந்தக் கடையில கிடைக்கும்?"